சுருதி இறங்கும் நேரம்

2013, மாசி மாதம். பாலாற்றில் தண்ணீர் இல்லை. திருமுக்கூடல் கோயில் பக்கமாக ஆற்றுக்குள் இறங்கினோம். செருப்பில் மணல் ஏற ஏற நடந்து, மரமோ கட்டடமோ மறைக்காத ஓரிடத்தில் நின்றோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். எதிர்க்கரையில், வடக்கே, பழையசீவரம் குன்று. சென்னை மொட்டைமாடியில் மின்கம்பி, மோட்டார், கேபிள் என்று எல்லாமே ரேடியோவில் இரைகின்றன. வானம் முழுக்கத் தெரிய வேண்டும், இரைச்சலும் குறைவாக இருக்க வேண்டும் என்று தேடித்தான் நண்பரும் நானும் அங்கே போயிருந்தோம்.

என் கையில் ஓர் ஆண்டெனா. ஒரு பிவிசி பைப், அதன் குறுக்கே மீன்முள் போல மூன்று தகட்டுப் பட்டைகள். பட்டைகள் தச்சர் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பிலிருந்து வெட்டியவை. மஞ்சள் பூச்சில் எண்கள் அப்படியே இருந்தன. நடுப்பட்டையை இரண்டாக வெட்டி, நுனியில் பூச்சைச் சுரண்டி, கேபிளைப் பற்றவைத்திருந்தோம். நாங்கள் கேட்க வந்த அலையின் நீளம் சுமார் இரண்டு மீட்டர். அதில் பாதி, ஒரு மீட்டர் வாக்கில், பட்டையின் நீளம் இருந்தால் போதும். டேப்பை மடக்கினாலும் விட்டவுடன் நிமிர்ந்துகொள்ளும் என்பதால் பஸ்ஸில் கொண்டுவருவது சுலபம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சார் இது, டிவி கம்பியா?"

"டிவி இல்ல தாத்தா. மேல ஒரு செயற்கைக்கோள் போகப்போவுது. அது போடற சத்தத்தக் கேக்கறதுக்கு."

"எந்தப் பக்கத்திலேர்ந்து வரும்?"

குன்றைக் காட்டினேன். குறித்து வைத்திருந்த நேரம் வந்தது, தாண்டியது. ரிசீவரில் சோவென்ற இரைச்சல் மட்டும். குன்று மறைக்கிறது, கொஞ்சம் ஏறி வரட்டும் என்றார் நண்பர். அரை நிமிடம் போயிருக்கும். இரைச்சலின் அடியில் நூல் போல ஒரு விசில். ஆண்டெனாவை மணிக்கட்டில் சற்றுத் திருப்பினேன், நூல் கயிறாயிற்று. ஒரே சீரான, தூய்மையான விசில், ஆனால் ஒரு நிலையில் நிற்கவில்லை. முதலில் கண்டுகொள்ள முடியாத அளவுக்கு மெதுவாக, பிறகு தெளிவாக, அதன் சுருதி இறங்கிக்கொண்டே வந்தது. தலைக்கு மேலே வரும்போது இறக்கம் மிக வேகமாகி, நண்பர் குமிழைத் திருப்பித் திருப்பி அதைத் துரத்த வேண்டியிருந்தது. தெற்கே போகப் போக இறக்கம் தணிந்தது. விசில் மெலிந்து இரைச்சலுக்குள் போய்ச் சேர்ந்தது.

பெரியவர் கடைசி வரை நின்று கேட்டார். பிறகு கேட்டார்: "அது ஓடறதுக்கு எண்ணெ யாரு ஊத்தறது?"

அன்றைக்கு நான் சொன்னது பாதிப் பதில்தான். மீதியைச் சொல்ல இந்த அத்தியாயம் முழுக்கத் தேவைப்படும்.

நாங்கள் கேட்டது ஹாம்சாட். 42.5 கிலோ எடை. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1 உடன் பி.எஸ்.எல்.வி.-சி6 ஏற்றிச் சென்ற, அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கான கோள். சுமார் 600 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களை ஒட்டிய பாதையில் சுற்றி வந்தது. அது அனுப்பிய அலையின் அதிர்வெண் மாறவே இல்லை, 145.9 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் ஒரே நிலையில் நின்றது. மாறியது எங்கள் காதுக்கு வந்து சேர்ந்த அதிர்வெண்.

அதே மணலில் நின்றால் இதற்கு விளக்கமும் கிடைக்கும். அக்கரையில் செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதை போகிறது. ஊதிக்கொண்டே வரும் வண்டியின் ஒலி, நம்மை நெருங்கும்வரை உயர்ந்தும் கடந்தபின் தாழ்ந்தும் கேட்கும். நெருங்கி வரும்போது அலைகள் நெருக்கப்படுகின்றன, விலகும்போது இழுபடுகின்றன. இதுதான் டாப்ளர் விளைவு. ரேடியோ அலைக்கும் இதே கணக்குதான், ஆனால் அது ஒளியின் வேகத்தில் வருவதால் மாற்றம் மிகச் சிறியது. கோள் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் போகிறது. ஒளி வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். கோள் தொடுவானத்தில் தோன்றும்போது 145.9 மெகாஹெர்ட்ஸ் சுமார் 3,300 ஹெர்ட்ஸ் கூடுதலாக வரும். மறையும்போது அதே அளவு குறைந்து வரும். லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு மாற்றம், அவ்வளவே. என்றாலும் 3,300 ஹெர்ட்ஸ் என்பது காதுக்கு நன்றாகத் தெரியும் தூரம்.

இந்த இறக்கத்துக்குள் கோளின் முழு விவரமும் ஒளிந்திருக்கிறது. எந்தக் கணத்தில் இறக்கம் மிக வேகமாக இருக்கிறதோ, அந்தக் கணத்தில் கோள் நமக்கு மிக அருகில் இருக்கிறது. இறக்கம் செங்குத்தாக இருந்தால் தலைக்கு மேலே போயிருக்கிறது. சாய்வாக, நிதானமாக இருந்தால் எங்கோ ஓரமாகப் போயிருக்கிறது. மொத்தம் எவ்வளவு இறங்கியது என்பது வேகத்தைச் சொல்லும். கண்ணால் பார்க்காமலே, ரேடாரும் இல்லாமலே, விசிலை வைத்து வழியைக் கண்டுவிடலாம்.

1957 அக்டோபரில் இதை முதலில் செய்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வகத்தில் வேலை பார்த்த வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரு இளைஞர்கள். ஸ்புட்னிக் பறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதன் 20 மெகாஹெர்ட்ஸ் ஒலியைப் பதிவுசெய்து, சுருதி இறங்கும் வளைவை மட்டும் வைத்து அதன் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டார்கள். ஒரே ஓர் இடத்திலிருந்து! பிறகு அதே ஆய்வகத்தின் ஃபிராங்க் மெக்ளூர் கணக்கைத் திருப்பிப் போட்டார். கோள் எங்கே என்று தெரிந்தால், கேட்பவன் எங்கே என்று கண்டுபிடிக்கலாமே? கப்பல்களுக்கு வழிகாட்டிய டிரான்சிட் கோள்கள் அந்த யோசனையில் பிறந்தவை. இன்று உங்கள் செல்போன் காட்டும் வரைபடத்துக்கு அவைதான் முன்னோடி.

ஸ்புட்னிக்கைவிட எடை குறைந்த ஒரு கோளைச் சென்னை குரோம்பேட்டையில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம், அப்துல் கலாம் படித்த இடம். கோளின் பெயர் அனுசாட். எடை 40 கிலோ. இஸ்ரோவின் வழிகாட்டலில் ஓர் இந்தியப் பல்கலைக்கழகம் உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது. 2009 ஏப்ரல் 20 காலை 6.45-க்கு, 300 கிலோ எடையுள்ள ரிசாட்-2 உடன் பி.எஸ்.எல்.வி.-சி12 அதை ஏற்றிச் சென்றது. 550 கிலோமீட்டர் உயரம், நிலநடுக்கோட்டுக்கு 41 டிகிரி சாய்வு. அதன் வேலை, ஓரிடத்தில் செய்தியை வாங்கி நினைவில் வைத்துக்கொண்டு, இன்னோர் இடத்துக்கு மேலே போகும்போது இறக்கிவிடுவது. பை நிறையக் கடிதங்களோடு ஊர் ஊராகச் சைக்கிளில் போகும் தபால்காரரின் வேலைதான்.

தரைநிலையமும் அதே வளாகத்தில். அங்கே உட்கார்ந்திருப்பவரின் நாளைக் கற்பனை செய்து பாருங்கள். 550 கிலோமீட்டரில் பறக்கும் கோள், தலைக்கு நேர்மேலே போனால்கூட, தொடுவானத்திலிருந்து தொடுவானம் போகப் பன்னிரண்டு நிமிடம்தான். ஓரமாகப் போனால் ஐந்தாறு நிமிடம். தொடுவானத்தில் இருக்கும்போது அது 2,700 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, உச்சியில் 550. தூரம் ஏறத்தாழ ஐந்து மடங்கு மாறுவதால் கிடைக்கும் வலு இருபது மடங்குக்கு மேல் மாறுகிறது. ஆகவே நன்றாகக் கேட்கும் நேரம் நடுவில் உள்ள சில நிமிடங்கள். அதற்குள் நலம் விசாரித்து, கட்டளை அனுப்பி, அது கேட்டதா என்று உறுதிசெய்து, செய்தியை இறக்கி முடிக்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை, சில சமயம் பல மணி நேரம், காத்திருக்க வேண்டும்.

நலம் விசாரிப்பதற்குத் தொலையளவை என்று பெயர். மின்கலத்தில் எவ்வளவு வோல்ட், சூரியத் தகட்டில் எவ்வளவு மின்னோட்டம், பெட்டிக்குள் என்ன வெப்பம் என்று எண்களாகக் கோள் சொல்லிக்கொண்டே போகும். இதை எழுதும்போது திருமுக்கூடல் கோயில் சுவர் நினைவுக்கு வருகிறது. பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், அங்கே வெட்டிய கல்வெட்டு ஓர் ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. பதினைந்து கட்டில்கள் கொண்ட மருத்துவமனை. மருத்துவருக்கு என்ன, அறுவை செய்பவருக்கு என்ன, பணிசெய்பவர்களுக்கு எவ்வளவு நெல், எந்தெந்த மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு ஆற்றுக்கு இறங்கியதாலோ என்னவோ, தொலையளவைத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது இருப்புக் கணக்காகவே தெரிகிறது. கையில் என்ன இருக்கிறது, என்ன குறைந்திருக்கிறது. கோளை உயிரோடு வைத்திருப்பது இந்தக் கணக்குதான்.

ஆனால் கணக்குக் கேட்பதற்கு முன் கோள் எப்போது வரும் என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு.

ஒவ்வொரு கோளுக்கும் இரண்டு வரி. வரிக்கு 69 எழுத்துகள், பெரும்பாலும் எண்கள். எந்த ஆண்டின் எந்த நாளுக்கான கணக்கு, பாதையின் சாய்வு என்ன, நிலநடுக்கோட்டை எங்கே கடக்கிறது, பாதை எவ்வளவு நீள்வட்டம், நாளுக்கு எத்தனை சுற்று, காற்று எவ்வளவு தடுக்கிறது என்று எல்லாம் அதற்குள் அடக்கம். அமெரிக்க ராணுவத்தின் ரேடார்களும் தொலைநோக்கிகளும் பார்த்ததை வைத்து அடிக்கடி புதுப்பித்து வெளியிடுகிறார்கள். இந்தியாவும் ஸ்ரீஹரிகோட்டாவில் இதற்கென்று ரேடார் வைத்திருக்கிறது. இரண்டு வரியையும் கணினிக்குக் கொடுத்தால், திருமுக்கூடலில் எத்தனை மணிக்கு எந்தத் திசையில் தோன்றும் என்று சொல்லிவிடும்.

வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சனிப்பெயர்ச்சித் தேதி மாறுவதைத் தமிழர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். வாக்கியம், முன்னோர் வகுத்த சூத்திரத்தை மாற்றாமல் அப்படியே தொடர்வது. திருக்கணிதம், வானத்தில் கிரகம் இருக்கும் இடத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வது. எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது என்பது அவரவர் வீட்டு வழக்கம். கோளைப் பின்தொடர்பவனுக்கு அந்த வசதி இல்லை. அவனுடைய இரண்டு வரிகள் அச்சான அன்றிலிருந்தே பழசாகத் தொடங்குகின்றன. முதல் நாளில் பிழை ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கும். வாரங்கள் போகப் போகப் பிழை வளர்ந்து, விநாடிகளாகி, தாழப் பறக்கும் கோள்களுக்கு நிமிடங்களாகிவிடும்.

விநாடி எவ்வளவு பெரியது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை நான் மட்டும் போயிருந்தேன். ஆண்டெனாவை நீட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன், ஒரு சத்தமும் இல்லை. ஆண்டெனாவில்தான் கோளாறு என்று நினைத்துப் பற்றவைத்த இடங்களை எல்லாம் பிரித்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, என் மடிக்கணினியின் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது. இரண்டு நிமிடத்தில் ஹாம்சாட் 900 கிலோமீட்டர் போய்விடும். அது தலைக்கு மேலே நிற்கும்போது நான் இன்னமும் பழையசீவரத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

திருமுக்கூடலிலிருந்து கிழக்கே, பறவை பறக்கும் தூரத்தில் இருபது கிலோமீட்டர் வாக்கில் காட்டாங்குளத்தூர். அங்கே எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபர் 12 அன்று பறந்தது. பதினோரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கையில் தூக்கக்கூடிய ஒரு பெட்டி. காற்றில் உள்ள கரியமில வாயு, நீராவி ஆகியவற்றின் அளவை அகச்சிவப்பு நிறமாலை கொண்டு பார்ப்பது அதன் ஆராய்ச்சி. மழைமேகங்களை ஆராயும் இந்திய–பிரெஞ்சுக் கோளான மேகா-டிராபிக்ஸ் உடன் போனதால், அதே பாதை இதற்கும் கிடைத்தது. 867 கிலோமீட்டர் உயரம், 20 டிகிரி சாய்வு.

அந்த 20 டிகிரியில்தான் நம் ஊருக்கு ஒரு பாக்கியம் இருக்கிறது. துருவப் பாதையில் போகும் கோளின் அடியில் பூமி முழுதும் உருள்கிறது. ஓர் ஊருக்கு நாளைக்கு நாலைந்து தடவைதான் வரும். சாய்வு 20 டிகிரி என்றால் கோள் வடக்கே 20, தெற்கே 20 என்ற பட்டைக்குள்ளேயே ஊசலாடிக்கொண்டிருக்கும். லண்டனில் நிற்பவருக்கு அது தொடுவானத்துக்கு மேலே எழவே எழாது. திருமுக்கூடல் இருப்பதோ 13 டிகிரிக்குச் சற்றுக் குறைவான அட்சரேகையில், பட்டைக்கு உள்ளே. கோள் 102 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏறத்தாழ ஒவ்வொரு சுற்றிலும் நம் வானத்தில் தலைகாட்டும். நன்றாக உயர்ந்து போனால் பதினேழு நிமிடம் வரை இருக்கும். வெப்பமண்டலத்து மாணவர்கள் வெப்பமண்டலத்துக்கென்றே ஒரு கோளைப் பெற்றது போல.

ஆனால் தொடக்க நாட்களில் ஒரு சிக்கல். அந்த ராக்கெட் இறக்கிவிட்டது மேகா-டிராபிக்ஸ், எஸ்.ஆர்.எம்.சாட், கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஜுக்னு, கப்பல்களைக் கண்காணிக்கும் வெசல்சாட்-1 என நான்கு. ராக்கெட்டின் கடைசிக் கட்டம் ஐந்தாவது. ஐந்தும் ஒரே பாதையில், ஒன்றன்பின் ஒன்றாக. ரேடாருக்கு இவை பெயரில்லாத புள்ளிகள். இப்படிப்பட்ட கூட்டத்தில் நம்முடையது எது என்று கண்டுபிடிக்கப் பழைய வழியே கைகொடுக்கிறது. எந்தக் கணத்தில் விசில் வேகமாக இறங்கியது என்று குறித்துக்கொண்டு, அந்தக் கணத்தில் எந்தப் புள்ளி நமக்கு மிக அருகில் இருந்தது என்று ஒப்பிட வேண்டும். முதல் நாளில் ஐந்தும் நெருக்கமாக இருப்பதால் எல்லாமே பொருந்துவது போலத் தோன்றும். நாட்கள் போக இடைவெளி விரிந்து, ஒன்று மட்டும் பொருந்தும். சந்தையில் பத்துக் கன்றுகள் கத்தினாலும் தன் கன்றின் குரலுக்குப் பசு திரும்புகிறதல்லவா, அப்படி. 2017 பிப்ரவரி 15 அன்று பி.எஸ்.எல்.வி.-சி37 ஒரே பயணத்தில் 104 கோள்களை இறக்கியபோது இந்தத் தேடல் எவ்வளவு பெருகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். எண்ணெய் யார் ஊற்றுகிறார்கள்?

அன்றைக்குச் சொன்னது இது: யாரும் ஊற்றுவதில்லை. ராக்கெட் கொடுத்த வேகமே போதும். கோள் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் அவ்வளவு வேகமாகப் போவதால், அது விழும் அளவுக்குப் பூமியும் வளைந்து விலகிக்கொடுக்கிறது. தடுக்க ஏதும் இல்லாதவரை ஓட்டம் நிற்காது. இது உண்மைதான். சொல்லாமல் விட்ட மீதி, அங்கேயும் தடுக்க ஏதோ இருக்கிறது என்பது. 550 கிலோமீட்டரிலும் காற்று முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. மிக மிக மெல்லிய அந்தக் காற்று கோளை உரசிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் கோள் தாமதமாக வர வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. உரசலால் சக்தியை இழக்கும் கோள் சற்றுக் கீழே இறங்குகிறது. கீழ்ப்பாதை சிறியது, அங்கே ஈர்ப்பும் அதிகம், வேகமும் அதிகம். ஆகவே கோள் சீக்கிரம் வருகிறது. கணக்கிட்ட நேரத்துக்கு முன்னால் விசில் கேட்டால், காற்று நினைத்ததைவிட அடர்த்தியாக இருக்கிறது என்று பொருள். சூரியனில் கொந்தளிப்பு கூடும் ஆண்டுகளில் மேல்வளிமண்டலம் சூடாகிப் பொங்கி இன்னும் உயரே வரும், உரசலும் கூடும்.

அனுசாட்டுக்கு நேர்ந்தது இதுதான். அது பறந்த 2009-இல் சூரியன் மிக அமைதியாக இருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கொந்தளிப்பு ஏறியது. உயரத்தைக் காக்க அனுசாட்டிடம் எரிபொருள் இல்லை. 2012 ஏப்ரல் 18 அன்று, மூன்று ஆண்டு நிறைய இரண்டு நாள் இருக்கையில், வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்தது. அதே ராக்கெட்டில் கூடவே போன ரிசாட்-2 என்ன ஆயிற்று? அதனிடம் 30 கிலோ எரிபொருள் இருந்தது. தாழும்போதெல்லாம் கொஞ்சம் எரித்து மேலே ஏறிக்கொண்டது. நான்கு ஆண்டுக்கென்று திட்டமிட்ட கோள் பதின்மூன்றரை ஆண்டு உழைத்து, 2022 அக்டோபர் 30 அன்றுதான் ஜகார்த்தா அருகே இந்தியப் பெருங்கடலில் விழுந்தது. எண்ணெய் பற்றிப் பெரியவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பதை இந்த இரண்டு தேதிகளும் காட்டுகின்றன. ஓடுவதற்கு எண்ணெய் வேண்டாம்; நிலைத்திருப்பதற்கு வேண்டும்.

867 கிலோமீட்டரில் கதை வேறு. அங்கே காற்று அவ்வளவு குறைவு என்பதால், விட்டால் நூறு ஆண்டுக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். செயலிழந்த கோள்கள் அங்கே பெருகினால் மற்றவற்றோடு மோதும் ஆபத்து. அதனால் மேகா-டிராபிக்ஸில் மிஞ்சியிருந்த எரிபொருளைக் கொண்டு அதை இஸ்ரோ படிப்படியாகக் கீழே இறக்கி, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் பெருங்கடலின் மேலே எரியவைத்தது. இறக்கிவரும் திட்டம் எதுவும் இல்லாமல் வடிவமைத்த கோளை அப்படிப் பொறுப்போடு முடித்துவைத்தது இஸ்ரோவின் பெரிய சாதனைகளில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன். எஸ்.ஆர்.எம்.சாட்டிடம் எரிபொருள் இல்லை. அதைச் செய்த மாணவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது 102 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றிக்கொண்டிருக்கும்.

ஹாம்சாட் இரண்டு ஆண்டுக்கென்று செய்யப்பட்டு ஒன்பது ஆண்டுக்கு மேல் பேசியது. 2014 ஜூலை 11 அன்று மின்கலம் செயலிழந்து மௌனமாயிற்று.

மாசி மாதத்து அந்தக் காலைக்குரிய குறிப்பேட்டுப் பக்கம் என்னிடம் இருக்கிறது. அன்று வேண்டுமென்றே நாற்பது நாள் பழைய இரண்டு வரிகளைக் கொண்டுபோயிருந்தோம்; எவ்வளவு பிசகுகிறது என்று பார்க்கத்தான். விசில் மிக வேகமாக இறங்கிய கணத்தை நண்பர் "இப்போ" என்று சொன்னார், நான் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். கணக்கு சொன்னதைவிட ஆறு விநாடி முந்தி. அதற்குக் கீழே, சாயங்காலம் புதிய வரிகளை இறக்கிக்கொண்டு மறுபடி அதே காலைக்குப் போட்ட கணக்கு. வித்தியாசம்: ஒரு விநாடிக்கும் குறைவு.